கணக்கில் வராத எண்ணூறு கிலோ

ஜமுனாவின் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவள் அந்தக் கம்பெனிக்குக் குழாய் துடைக்கிற வேலைக்குத்தான் போனாள். ரயில் பாதைக்கு மேற்கே, தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த சின்னக் கம்பெனி அது. குளியலறைக் குழாய்கள் சொரசொரப்பாக வந்து இறங்கும். அவற்றை மெருகேற்றி, நிக்கல் பூசி, அதன்மேல் குரோம் பூசி, முகம் பார்க்கிற பளபளப்போடு பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் நீள மேசையின் முன்னால் நின்று ஒவ்வொரு குழாயையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் பார்த்து, தாளில் சுற்றுவார்கள். ஒருநாள் பெட்டியின்மேல் விலாசம் எழுத ஆள் வரவில்லை. ஜமுனாவை எழுதச் சொன்னார்கள். முதலாளி ஜெகதீஸ்வரன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு இது யார் எழுத்து என்று கேட்டார். அடுத்த வாரமே அவளைப் பின்பக்கத்து வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

பின்பக்கம் என்றால் ஈடிபி. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற தொட்டிகளுக்கு எல்லோரும் சொல்கிற பேர் அதுதான். குரோம் தொட்டியிலிருந்து தூக்கிய குழாய்களைத் தண்ணீரில் அலசுவார்கள். அந்த அலசிய தண்ணீர் எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சளாகப் பின்பக்கத்துக்கு வரும். அந்த மஞ்சள்தான் விஷம். அதில் ஒரு வெள்ளைத் தூளைக் கரைத்துக் கலக்கினால் பச்சையாக மாறும். பிறகு சுண்ணாம்பு போட்டால் பச்சையெல்லாம் சேறாக அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். சேற்றை உலர்த்தி மூட்டை கட்டி, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு தூள் போட்டோம், தெளிந்த தண்ணீரின் பி.எச். என்ன என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது ஜமுனா.

அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பழைய ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். பி.எச். பக்கத்தில் ஒருநாள் ஏழு புள்ளி ஒன்று, மறுநாள் ஏழு புள்ளி மூன்று என்று மாற்றி மாற்றி எழுதினால் போதும், தண்ணீரைப் பார்க்கக்கூட வேண்டாம் என்றார். அப்படியே எழுதினாள். தடித்த நோட்டுகள் வருடத்துக்கு இரண்டு வீதம் நிறைந்தன. அலமாரியில் இடம் போதாமல் பழைய நோட்டுகளை அட்டைப் பெட்டியில் போட்டுக் கழிவறைக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள்.

ஜமுனா பிறந்தது திருப்பாலைவனத்தில், வயல் வேலை செய்கிற குடும்பத்தில். பிளஸ் டூ முடித்ததும் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் தங்கவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே படகு வைத்திருப்பவர்கள் குறைவு. ஆணும் பெண்ணும் ஏரியில் இறங்கி, தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி எறாவும் நண்டும் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். தங்கவேலும் அவன் தங்கை வசந்தாவும் அப்படித்தான் பிழைத்தார்கள். கல்யாணமான புதிதில் ஜமுனாவும் இறங்கிப் பார்த்தாள். மூன்றாம் நாளே கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிவிட்டது. பறியைக் கடித்துக் கடித்துத் தாடை வலி வேறு. வசந்தா சிரித்துக்கொண்டே, அண்ணி கரையில் உட்கார்ந்து பிடித்ததை எண்ணட்டும் என்றாள். கரையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் ஜமுனா கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேனில் ஏறினாள்.

காலை ஆறரைக்கு பஸ். மாலை வீடு திரும்ப ஏழாகிவிடும். பதினாறு வருடங்கள் என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். நின்று நின்று அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது. சுண்ணாம்புத் தூளில் விரல் நுனிகள் வெடித்து, மாவு பிசைகிறபோதெல்லாம் எரிந்தன.

கம்பெனியில் அவளுக்கு மனசுவிட்டுப் பேச இருந்தது அங்கமுத்து ஒருவர்தான். அனுப்பம்பட்டிலிருந்து வருபவர், குரோம் தொட்டியில் நிற்கிற ஆள். குழாய்கள் தொங்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்டியில் இறக்குவதும், தூக்கி அலசு தொட்டிக்கு மாற்றுவதும் நாள் முழுக்க அவர் வேலை. தொட்டியிலிருந்து எழும்பும் ஆவி மூக்கைக் காந்தும். ஒரு தடவை மருத்துவ முகாமில் டாக்டர் அவர் மூக்கினுள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். அங்கமுத்து அதைத் தமாஷாகத்தான் வந்து சொன்னார். தனக்கு இனி கருவாடும் ஊதுவத்தியும் ஒன்றுதான் என்றார். அவர் விரல்களில் உளுந்து அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள் இருந்தன. ஆறி, மறுபடி திறந்து, மறுபடி ஆறிய குழிகள்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய சங்கடம். கூரை ஒழுகி மழைத் தண்ணீரும் தொட்டிகளில் சேர்ந்துகொள்ளும். கலக்கி, தெளியவைத்து, உலர்த்துகிறவரை மேலே வருகிற தண்ணீர் காத்திருக்காது. பின்சுவரோரம் ஒரு வால்வு இருந்தது. திறந்தால் தண்ணீர் வெளியே வாய்க்காலுக்குப் போய்விடும். சூப்பர்வைசர் முன்பக்கத்திலிருந்து போன் பண்ணித் திறந்துவிடச் சொல்வார். ஜமுனா சக்கரத்தைத் திருகுவாள். மழை வெள்ளத்தில் மஞ்சள் கலந்து போவது யார் கண்ணுக்கும் தெரியாது. தூள் தீர்ந்துபோய், வாங்கி வரத் தாமதமான நாட்களிலும் இப்படித்தான். அந்த வாய்க்கால் ஓடையில் சேர்ந்து, ஓடை கிழக்கே போய் ஏரியில் விழுகிறது என்பது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது பாலத்தின் மேலிருந்து தினமும் அந்த ஓடையைப் பார்க்கிறவள் அவள். வீட்டுக்கு வந்து வசந்தா குழம்பு வைத்திருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், பங்குனி மாதத்தில், மாநில அரசின் புதிய விதி என்று கம்பெனிக்கு ஒரு தபால் வந்தது. அதை விளக்க எல்லாக் கம்பெனிக்காரர்களையும் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எண்கள் தெரிந்தவள் என்று ஜெகதீஸ்வரன் ஜமுனாவையும் காரில் அழைத்துப் போனார். பேசிய அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. பல ஊர்களில் இதையே பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. விஷமுள்ள சரக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும் என்றார்: வருடத்தில் எத்தனை கிலோ வாங்கினீர்கள், அதில் பொருளோடு போனது எவ்வளவு, சேற்றில் எவ்வளவு, காற்றில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு. அதோடு, இரண்டு வருடத்துக்குள் உபயோகத்தில் மூன்றில் ஒரு பங்கை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்றும் எழுதித் தர வேண்டும். யாரோ கை தூக்கி, கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டார். அந்த அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார்.

“உள்ள வந்ததும் வெளிய போனதும் சமமா இருக்கணும் சார். இல்லன்னா ஒண்ணு நீங்க தப்பா எழுதறீங்க, இல்ல அது எங்கயோ போய்க்கிட்டு இருக்கு. ரெண்டுல எதுன்னு நாங்க வந்து பாப்போம்.”

ஜமுனா அந்தக் கணக்கைப் போட நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டாள். வாங்கிய பில்களை அடுக்கினாள். வருடத்தில் குரோமிக் ஆசிட் ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ. அதில் குழாய்களில் உண்மையாக ஒட்டிப் போவது நூற்று எழுபது கிலோகூட இல்லை என்று கண்டபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை பளபளப்பும் பத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்து அலசுகிற தண்ணீரில் சேருவது. லாரியில் போன சேற்றுக்குப் பரிசோதனைச் சீட்டு இருந்தது; அதன்படி சேற்றில் எண்ணூற்று எழுபது. காற்றில் போனதற்கு இருபது என்று வைத்துக்கொண்டாள். கூட்டிக் கழித்தால் எண்ணூறு கிலோவுக்கு இடமில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணூறு அப்படியே நின்றது.

ஜெகதீஸ்வரன் கெட்டவர் இல்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு நாள்கூட விடாமல் கம்பெனிக்கு வருபவர். பிள்ளை வெளிநாட்டில் இருந்தான்; இந்தத் தொழில் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவர் காகிதத்தைப் பார்த்தார். முந்நூறைச் சேற்றில் ஏற்று, இருநூறை இருப்பில் காட்டு, மிச்சத்தைக் குழாயில் கொஞ்சம் தடிமனாகப் பூசியதாக எழுதிவிடு என்றார். இந்த மாதிரி அவர் சொல்வதும் அவள் எழுதுவதும் புதிதல்ல. சேற்றுக்குச் சீட்டு இருக்கிறது, ஒத்துப்போகாது சார் என்று மட்டும் ஜமுனா சொன்னாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வசந்தா வாசலில் உட்கார்ந்து கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் புண். ஏரியில் இறங்குகிற எல்லோருக்கும் அது உண்டு. எறாக் கொம்பு குத்தும், உப்புத் தண்ணீர் அதை ஆறவிடாது. ஜமுனா அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அங்கமுத்துவின் குழிகளைப் போலவும் இருந்தது. அப்படி இல்லாதது போலவும் இருந்தது. இது அதனால்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. வேறு யாராலும் சொல்ல முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறாய் என்று வசந்தா கேட்டாள். ஜமுனா சொல்லத் தொடங்கினாள். வால்வு, மழை, வாய்க்கால், எண்ணூறு கிலோ. உள்ளே படுத்திருந்த தங்கவேல் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றான்.

“இவ்ளோ நாளா தெரியுமா உனக்கு?” என்றான்.

“தெரியும்.”

“தொறந்து வுட்டது யாரு?”

“நான்தான்.”

அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். இரண்டு நாட்கள் அவளோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை என்று ஜமுனாவுக்கு இருந்தது. வசந்தா மட்டும் மறுநாள் காலையில் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தாள்.

“அண்ணி, இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. நாங்க ஏரிய வுட்டா எங்க போறது. அந்தக் காயிதத்துலயாவது உள்ளத எழுது. நம்மள்ல அத படிச்சு அர்த்தம் தெரிஞ்சுக்கிறவ நீ ஒருத்திதான்.”

பஸ் வந்துவிட்டது. ஜமுனா ஏறிக்கொண்டாள்.

அவளுக்கு வீரமெல்லாம் வரவில்லை. ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி மூன்று என்று எழுதி எழுதிச் சலித்துப் போயிருந்தது. இன்னும் ஒரு பொய்க்கு இடம் தேடி, அதற்கு ஒத்துவருகிற மாதிரி இன்னும் நான்கு பொய்களை மாற்றி எழுதுகிற தெம்பு அவளிடம் இல்லை. வெறுமனே உண்மையை எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் முதலாளி கிழித்துப் போடுவார் என்பதும் தெரியும். ஆகவே குறைக்கிற வழியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைத்தாள். அதற்காக ஒரு நாள் முழுக்கக் குரோம் தொட்டிப் பக்கமே நின்று அங்கமுத்துவின் கைகளைப் பார்த்தாள். அவர் சட்டத்தைத் தூக்கியதும் ஒரே வீச்சில் அலசு தொட்டிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் பழுப்பு நிறத்தில் சொட்டிக்கொண்டே போயிற்று. எவ்வளவு சொட்டுகிறது என்று பார்க்க வாளி ஒன்றை அடியில் வைத்து, தொட்டிக்கு மேலேயே அரை நிமிடம் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றாள். அரை நிமிடம் அந்தக் கனத்தைப் பிடித்து நிற்பது லேசில்லை. அவருக்குத் தோள் நடுங்கியது. அதனால் மாட்டி வைக்க ஒரு குறுக்குக் கம்பி கட்டினார்கள். வாளியில் சேர்ந்ததை எடை போட்டார்கள்; நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் போட்டார்கள். அலசுகிற தொட்டிக்கு முன்னால் ஓடாத தண்ணீரோடு இன்னொரு தொட்டி வைத்து, அதில் முதலில் முக்கி, அந்தத் தண்ணீரையே குரோம் தொட்டிக்குத் திருப்பி ஊற்றலாம் என்ற யோசனை அங்கமுத்துவுடையது. சூட்டில் குரோம் தொட்டியின் தண்ணீர் தினமும் குறைகிறதே, அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் இதை ஊற்றினால் ஆகாதா என்று அவர் கேட்டார். இருபது வருடம் அங்கே நின்றவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

ஜமுனா எல்லாவற்றையும் எழுதினாள். தண்ணீரில் போனது என்ற கட்டத்தில் எண்ணூறு என்று எழுதினாள்; அதை மட்டும் அங்கமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை. ஜெகதீஸ்வரன் அதை வெகுநேரம் படித்தார். மின்விசிறி காகிதத்தைப் புரட்டாமல் இருக்கக் கையை மேலே வைத்துக்கொண்டே படித்தார்.

“இத்தன வருஷமா நீ எழுதனத படிக்காமலே கையெழுத்து போட்டேன்மா. இத அனுப்புனா அவங்க வந்து நிப்பாட்டுவாங்க. தெரியும்ல?”

தெரியும் சார் என்றாள். இதை அனுப்பாவிட்டாலும் வந்து பார்த்தால் கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள், அப்போது இந்தக் குறைக்கிற யோசனையும் கையில் இருக்காது என்றாள். அவர் யாருக்கோ போன் பண்ணினார், எடுக்கவில்லை. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். சலிப்பில் போட்டாரா, சரியென்று நினைத்துப் போட்டாரா என்று ஜமுனாவுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வாரத்தில் அந்தத் தொண்டை கட்டிய அதிகாரி அம்மாள் வந்தார். பின்சுவர் வால்வை வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னார். புதுத் தொட்டி வைத்து முடிக்கிறவரை குரோம் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதிவிட்டுப் போனார். நாற்பத்தேழு நாட்கள் நின்றது. குரோம் இல்லாவிட்டால் துடைக்கவும் சுற்றவும் ஒன்றும் கிடையாது. மேசைப் பெண்கள் எல்லோரும் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள். திறந்த பிறகு வந்தவர்கள் ஜமுனாவோடு டீ குடிக்க வரவில்லை. அவள் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அங்கமுத்து வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“நீ பண்ணது நல்லதுதாம்மா. ஆனா எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் பண்ணிருக்கலாம்.”

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குப் பட்டது. அன்று மதியம் அவள் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துவந்து நாய்க்குப் போட்டாள்.

ஆனால் குறைந்தது. மாதம் நூற்று ஐம்பத்தைந்து கிலோ வாங்கிய இடத்தில் ஆறு மாதம் கழித்துத் தொண்ணூறு போதுமானதாக இருந்தது. பின்பக்கத்துக்கு வருகிற தண்ணீரின் மஞ்சள் வெளுத்தது. நோட்டில் ஜமுனா உள்ளதை எழுதினாள். ஒருநாள் ஆறு புள்ளி எட்டு, ஒருநாள் எட்டு புள்ளி ஒன்று. எட்டு வந்தால் ஏன் வந்தது என்று சுண்ணாம்பு அளவைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வேலை இரண்டு மடங்காயிற்று. இருந்தாலும் முன்னைப்போல வெறுப்பாக இல்லை. தங்கவேலிடம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். அடுத்த மழைக்கு ஓடையோரம் போய் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்ததாக வசந்தா மூலம் தெரிந்துகொண்டாள்.

இரண்டாம் வருடத்தில்தான் அது வேறு பக்கம் திரும்பியது. குழாய் வாங்குகிறவர்கள் இன்னும் வேகமாகக் கேட்டார்கள். அரை நிமிடம் சொட்டவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சட்டம்தான் முக்க முடியும். ஜெகதீஸ்வரன் ஆரம்பாக்கத்தைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குள் ஒரு பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். தை மாதத்தில் குரோம் தொட்டியை மட்டும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கிலோ கிலோவாக எழுதித் தர வேண்டும் என்ற அந்தப் புது விதி இந்த மாநிலத்துடையது. எல்லைக்கு அப்பால் இந்தக் காகிதம் கிடையாது. அங்கமுத்து வேனில் அங்கே போய்வரத் தொடங்கினார். குறுக்குக் கம்பியை எடுத்துப் போகவில்லை. அது பழைய இடத்திலேயே சுவரில் சாய்ந்து கிடந்தது.

ஜமுனா ஒரு தடவை அங்கே போனாள், பழைய பில்களைக் கொடுக்க. கொட்டகையின் பின்பக்கம் நின்று பார்த்தால் வாய்க்கால், அதைத் தாண்டி உப்பளம் மாதிரி வெளுத்த தரை, அப்புறம் ஏரி. அதே ஏரிதான். தெற்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தங்கவேலும் வசந்தாவும் இறங்குகிற பக்கம். ஏரிக்கு நடுவில் எல்லைக்கோடு ஒன்றும் போட்டிருக்கவில்லை.

அந்த வருடத்துக் காகிதத்தையும் அவள்தான் நிரப்பினாள். தையிலிருந்து குரோமிக் ஆசிட் வாங்கியது பூஜ்யம். தண்ணீரில் போனது பூஜ்யம். அவளும் அங்கமுத்துவும் வாளி வைத்து, தோள் நடுங்க நின்று மாதாமாதம் குறைத்த அந்த அறுபத்தைந்து கிலோ அந்தப் பூஜ்யத்தில் காணாமல் போயிற்று. அதே மண்டபத்தில் மறுபடி கூட்டம் நடந்தபோது, மிக அதிகமாகக் குறைத்த கம்பெனிகள் என்று சில பெயர்களைப் படித்தார்கள். மூன்றாவதாக அவர்கள் பெயர் வந்தது. ஜெகதீஸ்வரன் எழுந்து கைகூப்பினார். உட்காரும்போது பக்கத்து இருக்கையில் இருந்த ஜமுனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும், காருக்குப் போகலாம் என்று அவர் சொன்னார். நீங்கள் போங்கள் சார், நான் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். அதிகாரி அம்மாளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஓரமாகக் காத்திருந்தாள். முழங்கால் வலித்ததால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கடைசியில் அந்த அம்மாள் அவளை அடையாளம் கண்டுகொண்டு, எண்ணூறு கிலோ எழுதியது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி, பூஜ்யம் எப்படி வந்தது என்று ஜமுனா சொன்னாள்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “அந்தப் பக்கம் போய் நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எனக்கு அங்க அதிகாரம் இல்ல. அவங்களுக்குன்னு சட்டம் இருக்கு, ஆஃபீஸ் இருக்கு. நீங்க எழுதிக் குடுத்தா அவங்களுக்கு அனுப்பிடுவேன். ஆனா பேர் போட்டுக் குடுக்கணும்.”

ஜமுனா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யாரோ விட்டுப்போன கூட்ட நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதினாள். கொட்டகை இருக்கிற இடம், தொட்டியின் அளவு, மாதத்துக்கு எத்தனை கிலோ போகும், வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது. கீழே தன் பெயரையும் கணவன் பெயரையும் ஊரையும் எழுதினாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் அவளே போய்ச் சொன்னாள். போன முறை சொல்லாமல் செய்துவிட்டு அங்கமுத்துவிடம் கேட்ட பேச்சு போதும் என்றிருந்தது. அங்கமுத்துவுக்கும் போன் பண்ணிச் சொன்னாள். ஜெகதீஸ்வரன் திட்டவில்லை. உனக்கு நான் என்னம்மா குறை வைத்தேன் என்று மட்டும் கேட்டார். பிறகு, சரி, போய் வேலையைப் பார் என்றார்.

நான்கு மாதங்கள் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த நான்கு மாதமும் அவர் அவளோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர வேறு பேசவில்லை. பிறகு ஒருநாள் அங்கமுத்து போன் பண்ணினார். அந்தப் பக்கத்து அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, கழிவுத் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்களாம். வாய்க்காலிலும் ஏரியிலும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்துப் போனார்களாம். சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். இப்போதெல்லாம் அவருக்கு மாடிப்படி ஏறினாலே இளைத்தது.

ஒரு வாரம் கழித்து ஜெகதீஸ்வரன் ஜமுனாவைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“அங்க ஒரு ஈடிபி போடணும். போட்டு நடத்தத் தெரிஞ்ச ஆள் வேற யாரும் என்னாண்ட இல்ல.”

“வால்வு வைக்கக் கூடாது சார்,” என்றாள் ஜமுனா.

“வைக்கல.”

“சொட்டவிடுறதும் அங்க வேணும். அங்கமுத்து அண்ணனுக்கு முகமூடி வாங்கித் தரணும்.”

அவர் ஒரு தாளை இழுத்து, வாங்க வேண்டியதையெல்லாம் சொல் என்றார்.

இப்போது அவள் வாரத்தில் மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே. அங்கே போகிற நாட்களில் இரண்டு வண்டி மாற வேண்டும். வீடு வந்து சேர எட்டாகிவிடுகிறது. முகமூடி வந்துவிட்டது. அங்கமுத்து பாதி நேரம் அதைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார், மூச்சு முட்டுகிறது என்கிறார். அங்கே வேலை செய்கிற பையன்கள் தெலுங்கில் கேலி பேசிக்கொண்டே அரை நிமிடம் எண்ணுகிறார்கள். அவள் முதுகைத் திருப்பினால் இருபது நொடியில் சட்டத்தைத் தூக்கிவிடுகிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவர்கள் மறுபடி கம்பியில் மாட்டி வைக்கிறார்கள். நாள் முழுக்க இதுதான்.

ஏரியிலிருந்து பிடித்துப்போன தண்ணீரின் முடிவு இன்னும் வரவில்லை. தங்கவேல் வாரம் ஒரு தடவையாவது கேட்கிறான். அந்தப் பக்கத்து ஆஃபீஸுக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாயிற்று, வந்ததும் சொல்கிறேன் என்கிறாள். போன வாரமும் கேட்டான், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. இன்னும் வரல என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டான்.